எழுப்பியவனும் எழுப்பப்பட்டவளும்: ‘பாசஞ்சர்ஸ்’ காதல் கதை பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

காதல் படத்தின் நாயகனும் நாயகியும் நல்லவர்களாக இருந்தே தீர வேண்டும் என்று பார்வையாளர் யாரும் நிபந்தனை விதிப்பதில்லை. பொய் சொல்பவர், தன்னலக்காரர், பிறர் மனத்தைப் புண்படுத்திவிட்டு அதைக் கவனிக்காமலே கடந்துபோகிறவர் என எத்தனையோ பேரைத் திரையில் காதலர்களாக ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அவர்கள் சேர வேண்டும் என்று விரும்பியும் இருக்கிறோம். அப்படியிருக்க, சில படங்களில் மட்டும் இருவரும் கைகோக்கும் இடத்தில் பார்ப்பவருக்கு மனம் ஒட்டாமல் போகிறது. இவர்கள் சேராமலே இருந்திருக்கலாமே என்று தோன்றுகிறது. அதற்குக் காரணம் பாத்திரத்தின் குணமா, அந்தக் குணத்தைக் கதை கையாண்ட விதமா என்பதே இங்கு எடுத்துக்கொண்ட கேள்வி.

ஆய்வுக்குரிய படம் 2016 டிசம்பரில் வெளிவந்த ‘பாசஞ்சர்ஸ்’. ஜான் ஸ்பைட்ஸ் எழுதி, மார்ட்டன் டில்டம் இயக்கி, ஜெனிபர் லாரன்சும் கிறிஸ் பிராட்டும் நடித்த விண்வெளிக் காதல் கதை இது. இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இதில் நாயகன் செய்யும் தவறு ஒன்றே ஒன்றுதான். அது சந்தேகத்துக்கு இடமில்லாதது. அது தவறு என்று அவனுக்கும் தெரியும், படத்துக்கும் தெரியும். ‘படம் எடுத்தவர்களுக்கே இது தப்பு என்று புரியவில்லை’ என்று வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் இங்கே செல்லாது. தெரிந்தே எழுதப்பட்ட, வெளிப்படையாகவே விவாதிக்கப்பட்ட ஒரு குற்றம் எப்படிச் சரிக்கட்ட முடியாததாக ஆயிற்று என்பதை இந்தப் படத்தில் தெளிவாகப் பின்தொடர முடிகிறது.

கதையும் குற்றமும்

அவலான் என்னும் விண்கலம் 5,000 பயணிகளையும் 258 பணியாளர்களையும் சுமந்துகொண்டு, பூமியிலிருந்து 120 ஆண்டுப் பயணத் தொலைவில் இருக்கும் ஒரு குடியேற்றக் கோளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. எல்லோரும் உறக்கப் பேழைகளில் வயது ஏறாமல் தூங்குகிறார்கள். பயணம் தொடங்கி 30 ஆண்டுகள் ஆன நிலையில் கலம் விண்கற்களில் மோதுகிறது. அதனால் ஏற்பட்ட பழுதில் ஒரேயொரு பேழை திறந்துகொள்கிறது. அதில் இருந்தவன் ஜிம் பிரஸ்டன் என்ற இயந்திரப் பொறியாளன். மறுபடி தூங்கவைக்கும் வசதி எதுவும் அவனுக்குத் தென்படவில்லை. பணியாளர் பகுதிக் கதவு அவனுக்குத் திறக்காது. பூமிக்குச் செய்தி அனுப்பினால் பதில் வர 55 ஆண்டுகள் ஆகும் என்று கணினி சொல்கிறது. அவன் மிச்ச வாழ்நாளையெல்லாம் அந்தக் கலத்திலேயே தனியாகக் கழித்துச் சாக வேண்டும்.

ஒரு வருடத்துக்கும் மேல் அப்படியே போகிறது. பேச்சுத்துணைக்கு இருப்பது மதுக்கூடத்தில் கோப்பை துடைத்துக்கொண்டு நிற்கும் ஆர்தர் என்ற இயந்திர மனிதன் மட்டும். தாடி வளர்கிறது, சுத்தம் போகிறது, ஒருநாள் பாதுகாப்பு உடையில்லாமல் வெளிக்கதவைத் திறந்துகொண்டு வெட்டவெளிக்குள் போய்விடும் விளிம்புவரை வந்து திரும்புகிறான். அந்த நிலையில்தான் அரோரா லேன் என்ற எழுத்தாளர் தூங்கும் பேழை அவன் கண்ணில் படுகிறது. அவள் பதிவுசெய்து வைத்த அறிமுகக் காணொளியைப் பார்க்கிறான், அவள் எழுதியதைப் படிக்கிறான், தனக்குள்ளேயே அவளோடு பழகுகிறான். பேழையைத் திறக்கும் வழி தனக்குத் தெரியும் என்பதும், திறந்தால் அவளுடைய எதிர்காலம் முடிந்தது என்பதும் அவனுக்கு ஒருசேரப் புரிகிறது. வேண்டாம் என்று பலமுறை தள்ளிப்போட்டு, கடைசியில் திறந்துவிடுகிறான். அவளிடம் சொல்வதோ, உன் பேழையும் என்னுடையதைப் போலவே பழுதாகிவிட்டது என்ற பொய்.

இங்கே ஒன்றைக் குறித்துவைக்க வேண்டும். பயணிகள் 5,000 பேரில் மருத்துவர்கள் இருந்திருப்பார்கள், வேறு பொறியாளர்கள் இருந்திருப்பார்கள், கலத்தைச் சரிசெய்யவோ பேழையை மீண்டும் இயக்கவோ உதவக்கூடிய யாராவது இருந்திருப்பார்கள். உயிர் பிழைக்கும் அவசரத்தில் எழுப்பினான் என்றால் அவர்களில் ஒருவரைத்தான் எழுப்பியிருக்க வேண்டும். அவன் எழுப்பியது தனக்குப் பிடித்த முகத்தை. தனிமை தாங்காமல் செய்தான் என்ற வாதத்துக்குப் படம் ஒதுக்கும் பரிவில் பாதிப் பங்கு நியாயமானதே. ஆனால் தேர்வு என்று ஒன்று நடந்ததும் அந்தப் பரிவின் கீழ் மறைந்துபோகிறது.

பிறகு இருவரும் காதலிக்கிறார்கள். அவள் பிறந்தநாள் அன்று, கையால் செய்த மோதிரத்தோடு அவன் காத்திருக்கும் வேளையில், ‘எங்களுக்குள் ரகசியமே கிடையாது’ என்று அரோரா பெருமையாகச் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்ட ஆர்தர், ஜிம் சற்று விலகிப்போன நேரத்தில், அவளை எழுப்புவதா வேண்டாமா என்று அவன் எத்தனை காலம் தவித்தான் என்பதைச் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறது. திரும்பி வந்தவனிடம், நீதான் என்னை எழுப்பினாயா என்று கேட்கிறாள். ஆமாம் என்கிறான். எப்படி உனக்கு மனம் வந்தது என்பதற்கு, செய்யாமலிருக்க முயன்றேன் என்று பதில் வருகிறது. படத்தில் ஆக உண்மையான காட்சி இதுதான். அந்தப் பதில் பொய்யில்லை என்பதை நாம் முதல் அரை மணி நேரமும் கண்ணால் பார்த்திருக்கிறோம். அவளுக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை என்பதும் அதே நொடியில் விளங்குகிறது.

படம் விற்கப்பட்ட விதம்

திரைக்கதை புதிதன்று. ஹாலிவுட்டில் பலரும் படித்து விரும்பிய, ஆனால் படமாகாத திரைக்கதைகளைத் தொகுக்கும் ‘பிளாக் லிஸ்ட்’ பட்டியலில் 2007ஆம் ஆண்டிலேயே அது இடம்பெற்றுவிட்டது. அதைப் படமாக்க முன்னர் நடந்த முயற்சிகளில் வேறு நட்சத்திரங்களின் பெயர்களும் பேசப்பட்டன. ஆக, கதையின் நடுவில் இருக்கும் சிக்கல் கடைசி நேரத்தில் தவறி உள்ளே நுழைந்ததன்று. அந்தச் சிக்கலுக்காகவே கதை பேசப்பட்டது எனலாம்.

ஆனால் ட்ரெய்லர் அதை மூடிவைத்தது. இருவரும் ஏதோ காரணத்தால் ஒன்றாக விழித்துவிட்டார்கள், அந்தக் காரணம் ஒரு மர்மம் என்பதுபோல் அது வெட்டப்பட்டிருந்தது. காதலும் சாகசமும் பார்க்க வந்தவர்கள் முதல் அரை மணி நேரத்துக்குள் வேறொன்றைப் பார்க்க நேர்ந்தது. ஏறத்தாழ 11 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்ட படம் உலகெங்கும் 30 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இசைக்கும் தயாரிப்பு வடிவமைப்புக்கும் ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன. விமர்சனங்கள் மட்டும் பெரும்பாலும் அந்த ஒரு செயலைச் சுற்றியே கசந்து கிடந்தன. விற்பவர்கள் எதை மறைக்கிறார்களோ அதுதான் தங்கள் சரக்கில் அவர்களுக்கே நம்பிக்கையில்லாத இடம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் ட்ரெய்லரை மட்டும் குறைசொல்லி நகர்ந்துவிட முடியாது. ட்ரெய்லரையே பார்க்காமல் படத்துக்குப் போனவருக்கும் முடிவு உறுத்தத்தான் செய்தது.

தயங்குவதற்குக் கிடைத்த நேரம்

என் கணிப்பில், இந்தப் படத்தின் கோளாறு நேரப் பங்கீட்டில் இருக்கிறது. தவறு செய்யப்போகிறவனின் தனிமைக்கும் தயக்கத்துக்கும் கதை ஒரு வருடத்துக்கு மேல் கொடுக்கிறது. திரையில் அது ஒரு முழுப் பகுதியாக விரிகிறது. அவன் சாப்பிடுவது, குடிப்பது, அழுவது, பேழையின் கண்ணாடிக்கு முன் உட்கார்ந்து காலையுணவு உண்பது, ஆர்தரிடம் வாதாடுவது என்று ஒவ்வொன்றையும் அருகிலிருந்து பார்க்கிறோம். ஒரு மனிதனை அத்தனை நேரம் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அவன் யாராயிருந்தாலும் அவனை நமக்குப் பிடித்துப்போகும். திரைக்கதை எழுதுகிறவர்கள் நெடுங்காலமாக நம்பிவரும் கருவி இது. போதாததற்கு, நட்பான முகம் என்று பெயர் வாங்கிய ஒரு நடிகரின் மேல் மக்களுக்கு ஏற்கெனவே இருக்கும் பிரியத்தையும் படம் கடன் வாங்கிக்கொள்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் அரோராவுக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்கலாம். உண்மை தெரிந்தபின் அவளுக்குக் கோபப்பட இடம் தரப்படுகிறது. அதை மறுக்க முடியாது. இரவில் அவன் அறைக்குள் புகுந்து தூங்குகிறவனை அடித்து உதைக்கிறாள், கையில் எடுத்த இரும்பை ஓங்கியபடி நின்று, போடாமல் விட்டுப் போகிறாள். அவள் ஓடிப் பயிற்சி செய்யும் நேரத்தில் அவன் கலத்தின் ஒலிபெருக்கிவழி மன்னிப்புக் கேட்கிறான். அவள் நிறுத்தச் சொல்லிக் கத்துகிறாள். பார்க்கும்போது கவனிக்காமல் விடக்கூடிய ஒரு விவரம் இதில் இருக்கிறது. அவன் மன்னிப்புக் கேட்கும் இடத்திலிருந்து கேமராக்கள்வழி அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவளால் அவனைப் பார்க்க முடியாது. தூங்கும்போது பேழையின் கண்ணாடிவழி பார்த்தவன், விழித்தபின் திரைவழி பார்க்கிறான். மன்னிப்பும் அவள் கேட்டு வந்ததன்று, அவள் போகும் வழியெங்கும் அவள்மேல் ஒலிபரப்பப்பட்டது. இதைப் படம் கவனித்து வைத்ததா, தற்செயலாக அமைந்ததா என்று தீர்மானிக்க முடியவில்லை. கவனித்து வைத்திருந்தால் அடுத்து வரும் பகுதி வேறுவிதமாக இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

கோபத்துக்கு நேரம் கிடைத்தது. மன்னிப்பதா, மன்னிக்காமலே சேர்ந்து வாழ்வதா, ஒரே கலத்தின் இரு மூலைகளில் சாகும்வரை பேசாமல் இருப்பதா என்ற யோசனைக்கு நேரம் கிடைக்கவில்லை. கோபத்திலிருந்து காதலுக்குத் திரும்பும் அந்த முழுத் தொலைவையும் அவள் கலம் வெடிக்கப்போகும் பரபரப்புக்கு நடுவில் ஓடிக் கடக்கிறாள். ஓடுகிறவருக்கு யோசிக்க நேரம் இருக்காது. ஓடவிடுவதன் வசதியே அதுதான்.

கடைசியில் ஒரு கேள்வி வருகிறது. பணியாளர் பகுதி திறந்தபின், மருத்துவக் கருவியைக் கொண்டு ஒருவரை மட்டும் மீண்டும் உறக்கநிலைக்கு அனுப்பலாம் என்று ஜிம் கண்டுபிடிக்கிறான். நீ போய்த் தூங்கு என்று அரோராவிடம் சொல்கிறான். படம் முழுவதிலும் அவளுடைய வாழ்க்கையைப் பற்றி அவளிடமே கேட்கப்படும் முதல் கேள்வி இது. மிக நல்ல கேள்வி. தூங்கினால் அவள் நினைத்த வாழ்க்கை திரும்பக் கிடைக்கும், அவன் தனியாகக் கிழவனாகிச் சாவான்; தூங்காவிட்டால் அவளைத் திருடியவனுக்கே அவள் தன்னைக் கொடுத்ததாகும். ஒரு நாடகத்தின் மூன்றாம் அங்கம் முழுவதற்கும் போதுமான பொருள் இதில் இருக்கிறது. படமோ அதைச் சில நிமிடங்களில் முடித்துக்கொள்கிறது. அவள் முடிவெடுக்கும் பொழுது திரையில் இல்லை. தூங்காமல் அவனோடு தங்கிவிடுவது என்று அவள் எடுத்த முடிவு மட்டும் இருக்கிறது. அவன் நெடுநேரம் தயங்கியதை நாம் பார்த்தோம். அவள் ஓர் இரவாவது தயங்கினாளா என்பதுகூட நமக்குத் தெரியாது.

கதை தலையிட்டு வழக்கை முடித்த இடம்

பிற்பகுதியில் இரண்டு ஏற்பாடுகள் நடக்கின்றன, இரண்டும் ஜிம்முக்குச் சாதகமானவை. முதலாவது, கஸ் மன்குசோ என்ற பணியாளர் பேழைப் பழுதால் விழிக்கிறார். லாரன்ஸ் ஃபிஷ்பர்ன் நடித்த இந்தப் பாத்திரம் நடந்ததை அறிந்து, அது தவறு என்று ஒப்புக்கொண்டு, நீரில் மூழ்குகிறவன் பக்கத்தில் இருப்பவரையும் பிடித்து இழுக்கத்தான் செய்வான் என்று அரோராவிடம் சொல்கிறது. பின்னர் கதவுகளைத் திறக்கும் அடையாளப் பட்டையைக் கொடுத்துவிட்டு இறந்துபோகிறது. மூன்றாவது மனிதர் ஒருவர் வரும்போது கதை விரிந்திருக்க வேண்டும்: இருவருக்கும் நடுவே ஒரு நீதிபதி கிடைத்திருப்பார், அல்லது ஜிம் மட்டுமே இந்தக் கலத்தில் ஆண் என்ற நிலைமை மாறியபின் அரோரா யாரோடு பேச விரும்புகிறாள் என்பதாவது தெரிந்திருக்கும். கஸ் வந்து சாட்சி சொல்லிச் சாவியைக் கொடுத்ததோடு அவருடைய வேலை முடிந்துவிடுகிறது.

இரண்டாவது ஏற்பாடு இன்னும் பெரிது. கலத்தின் உலை கட்டுக்கடங்காமல் போகிறது. அதைச் சரிசெய்ய ஒருவர் வெளியே போய் வெப்பத்தைத் தாங்கிக்கொண்டு வாயிலைத் திறந்துபிடிக்க வேண்டும், மற்றொருவர் உள்ளேயிருந்து இயக்க வேண்டும். அதாவது இரண்டு பேர் வேண்டும். ஜிம் அரோராவை எழுப்பாமல் இருந்திருந்தால் அவளும் மற்ற 5,000 பேரும் தூக்கத்திலேயே செத்திருப்பார்கள் என்ற கணக்கைக் கதை சந்தடியில்லாமல் நம் கையில் திணிக்கிறது. குற்றம் செய்தபோது அவனுக்குத் தெரிந்திராத ஒரு பயனைப் பின்னால் கொண்டுவந்து ஒட்டி, அந்தக் குற்றத்தையே ஊர் காத்த செயலாக மாற்றிவிடும் வேலை இது. இதற்கு மேல் அவன் கிட்டத்தட்டச் சாகவும் செய்கிறான். அவள் அவனை மருத்துவக் கருவியில் வைத்து உயிர்ப்பிக்கிறாள். உயிரைக் கொடுக்கத் துணிந்தவனிடம் எப்படிக் கணக்குக் கேட்பது? பார்வையாளரின் வாயையும் நாயகியின் வாயையும் ஒரே நேரத்தில் அடைக்கும் தந்திரம் இது. அநேக காதல் படங்களில் நாயகனுக்கு அடிபட்டு மருத்துவமனையில் சேர்க்கப்படும் காட்சி எதற்காக வைக்கப்படுகிறதோ அதே காரணத்துக்காகத்தான் இங்கே உலை கட்டுமீறுகிறது.

விபத்தையும் தியாகத்தையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது என்ன என்று கேட்டால், ஜிம் செய்ததை அரோரா எப்படி எடைபோட்டாள் என்பதற்கு ஒரு வரிகூட மிஞ்சாது. மன்னித்தது கதை, அவள் பெயரில் கையெழுத்து விழுந்திருக்கிறது.

காட்சிகளின் வரிசையை மாற்றினால்

படம் வெளிவந்தபின் ஒரு காணொளிக் கட்டுரை முன்வைத்த யோசனை பரவலாகப் பேசப்பட்டது: ஜிம் தனியாக இருக்கும் முதல் பகுதியைத் தூக்கிவிட்டு, அரோரா கண்விழிப்பதிலிருந்து படத்தைத் தொடங்கினால் என்ன என்பது. அப்படிச் செய்தால், இந்த மனிதன் ஏன் ஏதோ ஒன்றை மறைப்பதுபோல் நடந்துகொள்கிறான் என்ற ஐயம் பார்வையாளருக்கும் அவளோடு சேர்ந்தே வளரும். மதுக்கூடக் காட்சியில் அவள் அதிரும்போது நாமும் அதிர்வோம். அதன்பிறகுதான் அவனுடைய தனிமையின் வரலாறு வரும்.

சரியான யோசனைதான். சிறிய காட்சிகளும் இதனால் கூர்மை பெறும். ஒன்றைச் சொல்கிறேன். ஜிம் மலிவான பயணச்சீட்டு வாங்கியவன். உணவுக்கூடத்து இயந்திரம் ஒரு வருடமாக அவனுக்குச் சப்பென்ற காலையுணவையும் சாதாரணக் காபியையும்தான் கொடுத்துவருகிறது. அரோரா உயர்வகுப்பில் வந்தவள். அவனுடைய தட்டைப் பார்த்துவிட்டு, ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டு, தன் கணக்கில் அவனுக்கும் நல்ல உணவை வாங்கித் தருகிறாள். இப்போதுள்ள படத்தில் இது இனிமையான காட்சி. அவனுக்குக் கிடைக்க வழியில்லாத ஒன்றை, கேட்காமலே, சிரித்துக்கொண்டே கொடுப்பவளிடமிருந்து அவன் எதை எடுத்துக்கொண்டான் என்பது பின்னால் தெரியவரும் வரிசையில் பார்த்தால், அந்தத் தட்டைக் கையில் வாங்கும்போது அவன் முகத்தில் ஓடுவது என்ன என்று நாம் திரும்பிப் போய்த் தேடுவோம்.

ஆயினும் வரிசையை மாற்றுவதால் தீரக்கூடியது முன்பாதியின் குறை மட்டுமே. படம் திகில் கதையாகக் கூர்மைப்படும். அரோரா முடிவெடுக்கும் காட்சி அப்போதும் திரையில் இருக்காது, ஏனென்றால் அது எடுக்கப்படவே இல்லை. வெட்டி ஒட்டும் மேசையில் இல்லாத காட்சியை வரவழைக்க முடியாது.

மூன்று ஒப்பீடுகள்

பிடிக்காத காதலர்களை வைத்துக்கொண்டே தேறிய கதைகள் என்ன செய்தன என்று பார்ப்பது இந்தக் கணிப்பைச் சோதிக்க உதவும்.

1997இல் வந்த ‘மை பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் வெட்டிங்’ படத்தில் ஜூலியா ராபர்ட்ஸ் நடித்த நாயகி, பழைய நண்பனின் திருமணத்தைக் கெடுக்க வருகிறவள். பொய்யான மின்னஞ்சல்வரை போகிறாள். முதலில் எடுத்த முடிவில் திருமண விருந்தில் அவளுக்குப் புதிதாக ஓர் ஆண் அறிமுகமாவதாக இருந்தது. முன்னோட்டம் பார்த்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. இத்தனையும் செய்தவளுக்குப் பரிசா என்று முகம் சுளித்தார்கள். முடிவு மாற்றி எடுக்கப்பட்டது: அவள் தோற்கிறாள், ஒப்புக்கொள்கிறாள், காதலன் யாரும் கிடைக்காமல், மணமகன் அல்லாத வேறொரு நண்பனோடு நடனமாடுகிறாள். மக்கள் அவளை மன்னித்துவிட்டார்கள். அவளுடைய குணத்தில் ஒரு வரியும் திருத்தப்படவில்லை. கதை அவளுக்குக் கொடுத்ததில்தான் திருத்தம் நடந்தது.

2017இல் வந்த ‘ஃபாண்டம் த்ரெட்’ இன்னும் நெருக்கமான ஒப்பீடு. 1950களின் லண்டனில் ஆடை வடிவமைப்பாளராக இருக்கும் ரெனால்ட்ஸ் வுட்காக்கோடு ஒருநாள் பழகினாலும் எழுந்து ஓடத் தோன்றும். ரொட்டியில் வெண்ணெய் தடவும் சத்தம்கூட ஆகாதவர். அவரைத் தன்னிடம் இருத்திக்கொள்ள ஆல்மா நச்சுக் காளான் கொடுத்து நோயில் விழவைக்கிறாள். செயலின் கொடுமையை எடைபோட்டால் இது ஜிம் செய்ததற்குக் குறைந்ததாகாது. இரண்டாம் முறை அவள் அதே காளானை முட்டைக்குள் வைத்துப் பொரிக்கும்போது, அவருக்குப் பிடிக்காத வெண்ணெயைத் தாராளமாகப் போட்டு, அவர் பார்க்கவே சமைக்கிறாள். அவருக்குப் புரிந்துவிடுகிறது. ஒரு துண்டை வாயில் வைத்து, அவள் கண்ணைப் பார்த்தபடி, மெதுவாக மென்று விழுங்குகிறார். கேமரா அந்த மெல்லுதலை விட்டு நகர்வதில்லை. இந்த ஏற்பாட்டுக்கு நான் சம்மதிக்கிறேன் என்று பாதிக்கப்படுகிறவர் சொல்லும் பொழுது, முழு நீளத்தில், நம் எதிரில் நடக்கிறது. விபரீதமான தம்பதி என்பதில் மாற்றுக் கருத்தில்லை; ஆனால் அவர்கள் சேரும்போது மனம் ஒட்டாமல் போவதில்லை.

மூன்றாவது திரைப்படமன்று. பிடிக்காத நாயகன் என்று தேடினால் சிலப்பதிகாரத்துக் கோவலனுக்கு முன்னால் நிற்க அதிகம் பேர் இல்லை. செல்வத்தைக் கரைத்து, மனைவியைத் தனியே விட்டு, வேறொருத்தியோடு வாழ்ந்து, அவளையும் சந்தேகித்து விட்டுவந்தவன். மதுரையில் சிலம்பை விற்கப் போவதற்குமுன் அவன் கண்ணகியிடம் தன் தவறுகளைத் தானே வரிசையாகச் சொல்கிறான். உனக்குச் சிறுமை செய்தேன், அப்படியிருந்தும் எழு என்றதும் எழுந்து வந்தாயே என்று வியக்கிறான். இளங்கோவடிகள் அங்கே நிறுத்தியிருந்தால் அது ஜிம்மின் ஒலிபெருக்கி மன்னிப்பாக முடிந்திருக்கும். அவர் கண்ணகிக்குப் பதில் சொல்ல இடம் விடுகிறார். அவள் ‘போற்றா ஒழுக்கம் புரிந்தீர்’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, தான் ஏன் எழுந்து வந்தாள் என்பதற்குத் தன்னுடைய காரணத்தையும் சொல்கிறாள். அந்தக் காரணத்தை இன்றைய வாசகர் ஏற்கலாம், ஏற்காமலும் போகலாம். குற்றத்துக்குப் பெயர் வைத்தவளும் அவளே, உடன்வந்ததற்குப் பொறுப்பேற்றவளும் அவளே என்பதில் ஐயமில்லை.

இம்மூன்றிலும் குற்றம் குறைக்கப்படவில்லை. தவறிழைத்தவரின் பக்கம் செலவழித்த கவனத்துக்கு ஈடாக, தவறுக்கு ஆளானவரின் பக்கம் ஏதோ ஒரு வடிவத்தில் கவனம் திருப்பித் தரப்பட்டிருக்கிறது: ஒன்றில் பரிசை மறுப்பதன்வழி, ஒன்றில் மெல்லும் வாயை விடாமல் காட்டுவதன்வழி, ஒன்றில் மறுமொழிவழி.

நாயகியின்மேல் விழுந்த பழி

இந்த நிகழ்வில் அதிகம் பேசப்படாத ஒரு விளைவு, அரோராவும் பிடிக்காதவளாகிப்போனது. ஜிம்மின்மேல் கோபம் கொண்ட பார்வையாளர் பலருக்குக் கடைசியில் அவள்மேலும் எரிச்சல் வந்தது. இவ்வளவு எளிதாக விட்டுக்கொடுத்தாளே என்று. விட்டுக்கொடுக்கும் காரணத்தை எழுதாமல் விட்டவர்களின் குறை அவளுடைய குணக்குறையாகத் தெரிகிறது. தவிரவும், அவளுடைய திட்டத்தைப் படம் தொடக்கத்திலிருந்தே சற்றுக் கேலியாகவே பார்க்கிறது. குடியேற்றக் கோளில் ஓராண்டு இருந்துவிட்டு, அங்கிருந்து பூமிக்குத் திரும்பி, இருநூறாண்டுகளுக்கு மேற்பட்ட மனித வரலாற்றைக் கடந்து வந்த ஒரே எழுத்தாளராக நூல் எழுத வேண்டும் என்பது அவள் ஆசை. பேராசைதான்; ஆனால் அசாதாரணமான, யாரையும் கெடுக்காத பேராசை. பூமியை விட்டுப் புறப்படும்போது ஒரு தோழி பதிவுசெய்து கொடுத்த காணொளியில், மகிழ்ச்சியாக இருக்க நீ பெரிதாக எதையும் சாதிக்க வேண்டியதில்லை, மனத்தை நிறைக்கும் ஒருவர் கிடைத்தால் போதும் என்பதுபோல் சொல்கிறாள். இதன்வழி, அவளிடமிருந்து பறிக்கப்பட்டது அவளுக்குத் தேவையே இல்லாத ஒன்று என்று படம் நமக்கு மெதுவாகச் சொல்லிவைக்கிறது. பறிகொடுத்தவரின் பொருளுக்கு மதிப்பில்லை என்று காட்டுவது திருட்டைச் சிறிதாக்கும் பழைய வழக்காடும் முறை.

அவள் எழுத்தாளர் என்பதால், இதையெல்லாம் சரிசெய்ய ஒரு வாய்ப்பு கடைசிவரை படத்தின் கையில் இருந்தது. 88 ஆண்டுகளுக்குப் பிறகு பணியாளர்கள் விழித்தெழும்போது நடுக்கூடம் மரமும் கொடியுமாக வளர்ந்து நிற்கிறது. அரோரா எழுதிவைத்துப்போன நூலின் வரிகள் அவள் குரலில் கேட்கின்றன. ஒரு முழு வாழ்நாளை அந்தக் கலத்தில் கழித்தவள், தன்னை எழுப்பியவனைப் பற்றி, எழுப்பியதைப் பற்றி, தங்கிவிட்டதைப் பற்றி என்ன எழுதினாள் என்று நாம் கேட்கக் காத்திருக்கும் இடம் அது. நமக்குக் கேட்பதோ, வேறெங்கோ இருந்திருக்கலாமே என்று ஏங்கிக்கொண்டு, இருக்கும் இடத்தில் நன்றாக வாழ மறந்துவிடக் கூடாது என்று நண்பர் ஒருவர் சொன்னார் என்பது. அந்த நண்பர் ஆர்தர். படத்தின் முற்பகுதியில், தனிமையில் தவித்த ஜிம்முக்கு ஆறுதலாக மதுக்கூடத்தில் சொல்லப்பட்ட வாக்கியம் அது. அவள் வாழ்நாளெல்லாம் எழுதிய நூலிலிருந்து நமக்குப் படித்துக் காட்டப்படும் சில வரிகளிலும் முதலில் வருவது அவனுக்கென்று சொல்லப்பட்ட அந்த ஆறுதல்தான்.